வாழ்த்து வாசகம் வளர்ந்த வரலாறு



நமது ஆலய யூபிலியை முன்னிட்டு வீட்டுக்கு ஒரு வாழ்த்து அட்டை அனுப்ப வேண்டுமென்று விழாக் குழுவினர் தீர்மானித்தார்கள். ஆலய முகப்பின் படம் அட்டைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டது. வாசகம் எழுதும் பொறுப்பு நம்மிடம் வந்து சேர்ந்தது. ஞாயிறுதோறும் மறையுரை ஆற்றிப் பழகியவருக்கு நான்கு வரி எழுதுவது ஒரு பெரிய காரியமா என்று எண்ணி, இரவு செபம் முடிந்து உட்கார்ந்தோம். மூன்று இரவுகள் கழிந்தன. குப்பைக் கூடை நிறைந்ததேயன்றி அட்டைக்கு ஒரு வரியும் கிடைக்கவில்லை.

இந்தக் கலையில் நமக்கு முன் கைவைத்தவர்கள் என்ன செய்தார்கள் என்று அதன்பின் தேடிப் படிக்கலானோம். படித்தவற்றை உங்களோடு பகிர்ந்து கொள்வதே இக்கட்டுரையின் நோக்கம். நம் பேனா தயங்கியதற்குச் சொற்பஞ்சம் மட்டும் காரணமன்று. பல ஆண்டுகளுக்கு முன் நாம் அனுப்பிய ஒரு வாழ்த்து அட்டை இன்னும் நம் மனத்தை உறுத்திக்கொண்டிருக்கிறது. அதை உரிய இடத்தில் சொல்வோம்.

வாழ்த்து பழையது, அட்டை புதியது

புத்தாண்டில் ஒருவரையொருவர் வாழ்த்துவது மிகப் பழைய வழக்கம். உரோமையர் புத்தாண்டு நாளில் பரிசாகக் கொடுத்த களிமண் விளக்குகளில், நல்லதும் வளமானதுமான புத்தாண்டு அமைக என்னும் பொருள்பட இலத்தீன் சொற்களைப் பதித்திருந்தார்கள். அத்தகைய விளக்குகள் அகழ்வாய்வில் கிடைத்துள்ளன. 15-ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் மொழி பேசும் நாடுகளில் குழந்தை இயேசுவின் உருவத்தோடு புத்தாண்டு வாழ்த்துப் படங்கள் அச்சாயின. அவற்றுள் 1460-களில் செதுக்கப்பட்ட ஒன்று புகழ்பெற்றது. அதைச் செதுக்கியவரின் முழுப் பெயர் யாருக்கும் தெரியாது. தம் படங்களில் இட்ட ‘இ. எஸ்.’ என்னும் இரண்டு எழுத்துக்களாலேயே அவர் அறியப்படுகிறார். அப்படத்தின் சுருளேட்டில் நல்லதோர் ஆசீர் பெற்ற ஆண்டு என்னும் கருத்தே எழுதப்பட்டிருக்கிறது. இரண்டிலும் வாசகம் மிகச் சுருக்கம் என்பதைக் கவனிக்க வேண்டும். விளக்கின் வட்டத்திலும் சுருளேட்டின் மடிப்பிலும் இடம் குறைவு. இடக்குறைவுதான் வாழ்த்து எழுதுவோருக்கு முதல் ஆசிரியராக வாய்த்தது.

ஆயிரம் அட்டைகள்

இன்று நாம் அறிந்த கிறிஸ்மஸ் வாழ்த்து அட்டை 1843-ஆம் ஆண்டு இலண்டன் மாநகரில் பிறந்தது. அதற்குக் காரணமானவர் ஹென்றி கோல் என்னும் அரசு அதிகாரி. 1840-இல் இங்கிலாந்தில் ஒரு பென்னி அஞ்சல் முறை தொடங்கியபோது ரோலண்ட் ஹில்லுக்குத் துணைநின்று உழைத்தவர் அவர். பிற்காலத்தில் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகமாக வளர்ந்த நிறுவனத்தின் முதல் இயக்குநரும் அவரே. அதற்கு முன்பெல்லாம் கடிதம் போகும் தூரத்திற்கேற்பக் கட்டணம் ஏறும். பெரும்பாலும் பெறுகிறவரே பணம் கொடுத்து வாங்க வேண்டும். பென்னி அஞ்சல் வந்தபின் நாட்டின் எந்த மூலைக்கும் ஒரே கட்டணம். மக்கள் எழுதிக் குவித்தார்கள். ஆண்டு முடிவில் கோல் வீட்டிலும் கடிதங்கள் மலையாயின. பதில் எழுதாவிட்டால் மரியாதைக் குறைவு, எழுதவோ நேரமில்லை.

ஆகவே ஜான் கால்காட் ஹார்ஸ்லி என்னும் ஓவிய நண்பரிடம் படம் வரையச் சொல்லி, ஆயிரம் அட்டைகள் அச்சிட்டு, கையால் வண்ணம் தீட்டச் செய்தார். தமக்குத் தேவையானவை போக மற்றவை ஒன்று ஒரு ஷில்லிங் விலைக்கு விற்கப்பட்டன. ஒரு ஷில்லிங் என்பது 12 பென்னி. அதாவது 12 கடிதங்களுக்கான அஞ்சல் செலவு. ஏழைக்கு எட்டாத விலை.

அந்த அட்டையின் நடுவில் மூன்று தலைமுறையினர் கூடிய ஒரு குடும்பம் கிண்ணமேந்தி வாழ்த்துகிறது. இரு பக்கங்களிலும் பசித்தோருக்கு உணவும் ஆடையற்றோருக்கு ஆடையும் வழங்கும் காட்சிகள். நடுப்படத்தில் ஒரு குழந்தையும் திராட்சை இரசம் பருகுவதைக் கண்டு மதுவிலக்கு அன்பர்கள் கண்டித்தார்கள். படத்தைப் பற்றி இவ்வளவு பேச்சு எழுந்தது. வாசகமோ சிறியது: கிறிஸ்மஸ் மகிழ்ச்சியும் இனிய புத்தாண்டும் உங்களுக்கு! ஆங்கில மூலத்திலும் ‘உங்களுக்கு’ என்பதே கடைசிச் சொல். மேலே பெறுகிறவர் பெயருக்கு ஒரு வெற்றிடம். கீழே அனுப்புகிறவர் பெயருக்கு ஒரு வெற்றிடம். அந்த இரண்டையும் கோல் கையால் நிரப்ப வேண்டியிருந்தது. கடிதம் எழுத நேரமில்லாதவர் கண்டுபிடித்த வழிதான். ஆயினும் பெயர் எழுதும் வேலையை அவர் அச்சுக்கு விட்டுவிடவில்லை. தம் பாட்டிக்கும் அத்தைக்கும் அவர் அனுப்பிய அட்டை 2001-இல் ஏலத்திற்கு வந்தபோது 22,500 பவுனுக்குப் போயிற்று. ஆயிரத்தில் எஞ்சிய சிலவற்றுள் அது ஒன்று.

சொல் மலிந்த காலம்

1870-இல் இங்கிலாந்தில் அரைப் பென்னி அஞ்சல் வந்தது. மூடாத உறையில் அட்டைகளைப் பாதிக் கட்டணத்தில் அனுப்பலாம் என்றாயிற்று. அதே காலத்தில் வண்ணக் கல்லச்சும் முன்னேறியது. நிறத்திற்கு ஒரு கல்லாக, பல கற்களில் மாறி மாறி அச்சிட்டு ஓவியம்போன்ற அட்டைகளை உருவாக்கினார்கள். ஜெர்மனியிலிருந்து அமெரிக்காவில் குடியேறிய லூயி பிராங் என்பவர் பாஸ்டன் நகரில் இக்கலையை வளர்த்து, 1875-இல் அமெரிக்க மக்களுக்குக் கிறிஸ்மஸ் அட்டைகளை விற்கத் தொடங்கினார். 1880-இல் ஓவியர்களுக்குப் போட்டி வைத்து, முதற்பரிசாக ஆயிரம் டாலர் கொடுத்தார்.

அழகிய படங்கள் பெருகவே, அவற்றுக்கேற்ற பாக்களும் தேவைப்பட்டன. அதற்கென்றே எழுதும் ஒரு கூட்டத்தார் தோன்றினார்கள். அவர்களுள் ஹெலன் மரியன் பர்ன்சைடு என்ற ஆங்கிலப் பெண்மணியை நாம் மறக்கலாகாது. சிறு வயதில் வந்த கடுங்காய்ச்சலால் அவர் செவிப்புலனை இழந்தவர். 1874 முதல் 1900 வரையில் ஏறத்தாழ 6,000 வாழ்த்துப் பாக்களை அவர் எழுதினார் என்பர். ஆண்டுக்கு இருநூற்றுக்கு மேல்! ஊரெல்லாம் ஒலித்த வாழ்த்தைத் தம் காதால் கேட்க இயலாத ஒருவர், முகமறியாத இலட்சக்கணக்கானோர் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளச் சொற்களைத் தந்தார். வாங்கியவர்களில் பெரும்பாலோருக்கு அவர் பெயர்கூடத் தெரிந்திராது.

இங்கே ஒரு மாறுதல் நடந்துவிட்டது. கோலின் அட்டையில் வாசகம் குறைவு, வெற்றிடம் உண்டு. பின்வந்த அட்டைகளில் வாசகம் பெருகப் பெருக வெற்றிடம் சுருங்கிற்று. அனுப்புகிறவர் சொல்ல வேண்டியதையும் அட்டையே சொல்லிவிட்டது. இது வசதிதான். சொல்லத் தெரியாமல் தவிப்பவருக்கு உதவியுந்தான். ஆனால் ஒரே வாசகம் ஆயிரம் வீடுகளுக்குப் போகும்போது, அந்த ஆயிரம் வீடுகளிலும் ஒரே நிலைமை இராதே!

மகிழ்ச்சி என்ற சொல் இல்லாத வாழ்த்து

இதை நன்றாய் உணர்ந்து எழுதிய அட்டை ஒன்று உண்டு. முதல் உலகப் போர் தொடங்கிய 1914-ஆம் ஆண்டு கிறிஸ்மஸின்போது, இங்கிலாந்து அரசரும் அரசியும் போர்முனையிலிருந்த வீரர்களுக்கு ஓர் அட்டை அனுப்பினார்கள். கையெழுத்தைப் படியெடுத்து அச்சிட்ட அந்த வாசகத்தின் பொருள் இதுதான்: 1914-ஆம் ஆண்டுக் கிறிஸ்மஸுக்கு எங்கள் நல்வாழ்த்துக்கள், கடவுள் உங்களைக் காத்து நலமாக வீடு கொண்டுபோய்ச் சேர்ப்பாராக. அதில் மகிழ்ச்சி என்ற சொல்லே இல்லை. சேற்றுக்குழியில் நிற்கும் வீரனிடம் மகிழ்ந்திரு என்று சொல்வது பொருந்தாது. அவனுக்கு வேண்டியது வீடு திரும்புதல். அதையே வாழ்த்தாக எழுதினார்கள்.

அந்தப் போரில் வீரர்கள் வீட்டுக்கு அனுப்பிய அச்சட்டையும் இங்கே நினைக்கத் தக்கது. நான் நலமாயிருக்கிறேன், மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருக்கிறேன் என்பன போன்ற வரிகள் அதில் அச்சாகியிருக்கும். வேண்டாதவற்றை அடித்துவிட்டு, தேதியும் கையொப்பமும் மட்டும் இடலாம். வேறெதையும் சேர்த்தால் அட்டை அழிக்கப்படும் என்ற எச்சரிக்கையும் அதிலேயே இருந்தது. வாசகம் ஒன்றும் அவனுடையதன்று; கையொப்பம் மட்டுமே அவனுடையது. ஆயினும் தாய்மார் காத்திருந்தது அந்தக் கையொப்பத்தைக் காண்பதற்கே.

வணிகர் கற்ற பாடம்

அமெரிக்காவில் ஜாய்ஸ் ஹால் என்னும் 18 வயது இளைஞர் 1910-இல் காலணிப் பெட்டிகளில் பட அஞ்சலட்டைகளை அடுக்கிக்கொண்டு கான்சஸ் சிட்டி நகருக்கு வந்து வியாபாரம் தொடங்கினார். 1915-இல் தீவிபத்தில் சரக்கு முழுவதும் எரிந்தது. மீண்டும் எழுந்து உறையிலிடும் வாழ்த்து அட்டைகளைத் தாமே அச்சிடலானார். அதுவே ஹால்மார்க் நிறுவனமாய் வளர்ந்தது. 1944-இல் அந்நிறுவனம் ஏற்ற விளம்பர வாசகம் தன் தாளையும் மையையும் புகழவில்லை. மிகச் சிறந்ததை அனுப்பும் அளவுக்கு உமக்கு அக்கறை உண்டானால் என்று அனுப்புகிறவரின் மனத்தைத் தொட்டது. அட்டையில் வரும் வாசகத்தை அத்தொழிலில் உள்ளவர்கள் ‘உணர்வு’ என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லால்தான் குறிக்கிறார்கள். எழுதப் பழகுவோருக்கு அவர்கள் சொல்லும் முதல் விதி, ‘என்னிடமிருந்து உனக்கு’ என்று வாசகம் பேச வேண்டும் என்பது. 1843-இல் கோல் வைத்த கடைசிச் சொல்லுக்கே அவர்களும் திரும்பி வந்திருக்கிறார்கள்.

தமிழில் வந்தபோது

நாம் சிறுவராயிருந்த காலத்தில் தை மாதம் நெருங்கினால் கடைவாசலில் கயிறு கட்டிப் பொங்கல் வாழ்த்து அட்டைகளைத் தொங்கவிட்டிருப்பார்கள். கரும்பும் பானையும், காளையும் உழவரும், திரைப்பட நடிகர்களும் அவற்றில் காட்சி தருவார்கள். தபால்காரர் வரும் நேரம் பார்த்துத் தெருமுனையில் நிற்போம். உறையை ஒட்டாமல் ‘புக் போஸ்ட்’ என்று எழுதிக் குறைந்த தபால் தலையில் அனுப்புவதே வழக்கம். கிறிஸ்மஸுக்கும் அப்படியே. இன்று அந்தக் கயிறுகளைக் காண்பதரிது. கைப்பேசியில் ஒரு படத்தைத் தொட்டு நூறு பேருக்கு ஒரே நொடியில் தள்ளிவிடுகிறோம்.

தமிழில் வாசகம் எழுதுவோருக்கு ஆங்கிலேயருக்கு இல்லாத ஒரு சங்கடம் உண்டு. அவர்களுக்கு ஒரே சொல்லில் பாட்டியும் பேரனும் அடங்கிவிடுவர். நமக்கோ நீ, நீர், நீங்கள் என்று வேறுபாடு உண்டு. மேலும், வாழ்த்துதல் என்பது நம் வழக்கில் பெரியவர் சிறியவருக்குச் செய்வது. ஆகவேதான் ‘வாழ்த்த வயதில்லை, வணங்குகிறோம்’ என்று சுவரொட்டியிலும் திருமண வாழ்த்திலும் எழுதும் பழக்கம் வந்தது. ஒரே அட்டையை மாமனாருக்கும் மருமகனுக்கும் விற்க வேண்டிய அச்சகத்தார் என்ன செய்வார்? முன்னிலைச் சொல்லையே விட்டுவிட்டு, ‘இனிய கிறிஸ்மஸ் நல்வாழ்த்துக்கள்’ என்று பொதுவாக முடித்துவிட்டார். யாருக்கும் குறையில்லை. ஆனால் கோல் வைத்த ‘உங்களுக்கு’ என்ற சொல் அதில் இல்லை. அதை அனுப்புகிறவர்தாம் கையால் எழுதிச் சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால் அந்த வாழ்த்து யாருக்கென்றே தெரியாது.

நாம் செய்த தவறு

இப்போது நமது தவற்றைச் சொல்லிவிடுகிறோம். முன்பு வேறொரு பங்கில் பணியாற்றியபோது, ஒரு கிறிஸ்மஸுக்கு எல்லா வீடுகளுக்கும் அட்டை அனுப்பினோம். வாசகம் நாமே எழுதியது. ‘குறைவேதும் இன்றி உங்கள் இல்லமெங்கும் இன்பம் பொங்கட்டும்’ என்று எதுகை பார்த்து எழுதி, நமக்குள் பெருமையும் பட்டுக்கொண்டோம். மறைக்கல்வி மாணவர்கள் பங்குப் பதிவேட்டைப் பார்த்து முகவரி எழுதினார்கள். நாம் ஒன்றையும் பார்வையிடவில்லை.

விழா முடிந்த இரண்டாம் நாள் ஓர் அம்மா அந்த அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு பங்கு இல்லத்திற்கு வந்தார். அவருடைய ஒரே மகனை, திருவருகைக் காலத்தின் முதல் வாரத்தில், நாமே அடக்கம் செய்திருந்தோம். சாலை விபத்தில் இறந்தவன். அந்த அம்மா கோபமாகப் பேசவில்லை.

“சாமி, இது எங்க வீட்டுக்குன்னுதான் போட்டீங்களா? இல்ல, வேற வீட்டுக்குப் போறது மாறி வந்துடுச்சா?”

மாறி வந்ததுதான் என்று சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. பொய் சொல்ல நா எழவில்லை. “உங்க வீட்டுக்குத்தாம்மா போட்டோம். பார்க்காமப் போட்டுட்டோம். மன்னிச்சுக்குங்க” என்றோம். அவர் தலையசைத்துவிட்டுப் போய்விட்டார். அன்று மாலை வாசகம் ஒன்றுமில்லாத ஒரு வெள்ளை அட்டையை எடுத்து, அவருடைய மகனின் பெயரை எழுதி, ‘உங்கள் மகனைப் பூசையில் நினைக்கிறோம், அம்மா’ என்று சேர்த்து, நாமே கொண்டுபோய்க் கொடுத்தோம்.

அந்தப் பங்கை விட்டு மாறுதலாகி வரும்போது விடைபெறச் சென்றோம். திருஇருதயப் படத்தின் சட்டத்தில் அந்த வெள்ளை அட்டை செருகியிருந்தது. முதல் அட்டை என்னவாயிற்று என்று நாம் கேட்கவில்லை.

ஐந்து சொல்லும் ஒரு கையெழுத்தும்

உலக அஞ்சல் ஒன்றியத்தின் பழைய விதிகளில் ஒன்று நமக்கு மிகவும் பிடித்தது. கிறிஸ்மஸ், புத்தாண்டு அட்டைகளில் கையால் எழுதும் வாழ்த்து ஐந்து சொற்களுக்கு மிகாமல் இருந்தால், அச்சுப்பொருளுக்குரிய குறைந்த கட்டணத்தில் அனுப்பலாம். மிகுந்தால் கடிதக் கட்டணம். விதி செய்தவர்கள் வருமானத்தை எண்ணிச் செய்திருப்பார்கள். ஆயினும் ஒரு மனிதருக்கு உரியதைச் சொல்ல ஐந்து சொல் போதும் என்று அவர்கள் அறியாமலே நமக்குக் கற்பித்துவிட்டார்கள். அந்த அம்மாவுக்கு நாம் எழுதியதும், மகன் பெயர் நீங்கலாக, ஐந்தே சொல்தான்.

குருமடத்தில் புனித பவுலின் கடிதங்களைப் படித்தபோது பேராசிரியர் காட்டிய ஒரு செய்தியும் நினைவுக்கு வருகிறது. அக்காலத்துக் கிரேக்கர் கடிதத்தின் தொடக்கத்தில் ‘கைரெயின்’ என்று ஒரு சொல் எழுதுவர். மகிழ்க, வாழ்க என்பது அதன் பொருள். சொல்லிச் சொல்லித் தேய்ந்த சொல். பவுல் அதனிடத்தில் ஏறக்குறைய அதே ஓசையுடைய ‘காரிஸ்’, அதாவது அருள் என்ற சொல்லை வைத்தார். அதனோடு யூதர் வாழ்த்தாகிய அமைதியையும் சேர்த்தார். வழக்கச் சொல்லைத் தூக்கி எறியாமல் அதற்கு உயிரூட்டிய முறை இது. இன்னொன்றும் உண்டு. அவர் கடிதங்களை எழுத்தர் ஒருவர் எழுத, தாம் சொல்லி எழுதுவிப்பார். உரோமையருக்கு எழுதிய கடிதத்தை எழுதியவர் பெயர் தெர்த்தியு. ஆனால் கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதத்தின் முடிவில், வாழ்த்தைத் தம் சொந்தக் கையாலேயே எழுதுவதாகக் குறிப்பிடுகிறார். கடிதத்தின் எஞ்சிய பகுதியைப் பிறர் கையில் விட்டவர் வாழ்த்தை விடவில்லை.

இத்தனையும் படித்தபின் நான்காம் இரவு வாசகம் எளிதாய் அமைந்தது. அழகான வாழ்த்து வாசகம் எழுத விரும்பும் நம் இளைஞர்களுக்கும் நாம் சொல்வது இவ்வளவே. எதுகையைத் தேடுமுன் வீட்டை நினையுங்கள். நேரில் நின்று முகம் பார்த்துச் சொல்லக் கூசும் சொல்லை அட்டையில் எழுதாதீர்கள். எல்லா வீட்டுக்கும் போகும் வாசகம் என்றால் எந்த வீட்டையும் புண்படுத்தாததாக, சுருக்கமாக இருக்கட்டும். மீதி இடத்தைக் கைக்கு விட்டுவிடுங்கள்.

நமது யூபிலி அட்டையில் ‘இந்த ஆலயம் உங்களுக்கும் வீடு’ என்ற நான்கு சொற்கள் மட்டும் அச்சாகின்றன. அதன்கீழ் மூன்று விரல் அகலம் வெற்றிடம் விட்டிருக்கிறோம். அன்பியப் பொறுப்பாளர்கள் தத்தம் பகுதியில் எந்த வீட்டில் நோய், எந்த வீட்டில் சாவு, எந்த வீட்டில் திருமணம், எந்த வீட்டில் பிள்ளை வெளிநாட்டில் என்று நமக்குச் சொல்லும்படி கேட்டுக்கொள்கிறோம். முந்நூற்றுக்கு மேற்பட்ட வீடுகள். ஒவ்வொன்றுக்கும் ஐந்து சொல் நாமே எழுதுவதாயிருக்கிறோம். நம் கையெழுத்து அழகானதன்று என்பது உங்களுக்குத் தெரியும். படிக்க முடியாவிட்டால் அட்டையோடு பங்கு இல்லத்திற்கு வாருங்கள், வாசித்துக் காட்டுகிறோம்.

இறைவன் உங்கள் இல்லங்களை ஆசீர்வதிப்பாராக!

பங்குத் தந்தை